வேறு கை முடுக்கிய மரை

மரையக்கா என்ற பெயரை அவருக்கு வைத்தவர் பட்டறையின் ஃபிட்டர். குழாய்கள் ஒன்றோடொன்று திருகிப் பூட்டிக்கொள்ள முனையில் வெட்டும் சுருள் பள்ளத்துக்கு மரை என்று பெயர். ஆயுளில் பாதியை அதை வெட்டுவதிலேயே கழித்த பெண்ணை வேறு எப்படிக் கூப்பிடுவது என்பது ஃபிட்டரின் வாதம். அக்கா என்று சேர்த்தது மரியாதைக்கு. உண்மையில் ஃபிட்டர்தான் வயதில் மூத்தவர். மரையக்கா அவரை "அண்ணே" என்றுதான் கூப்பிட்டார். அண்ணன் அக்கா என்றும் அக்கா அண்ணே என்றும் கூப்பிட்டுக்கொண்டு, யார் பெரியவர் என்ற வழக்கைத் தீர்க்காமலேயே இருவரும் காலம் தள்ளினார்கள். அவரை அடக்கம் செய்த அன்று ஒருவர் எழுந்து அவருடைய சொந்தப் பெயரை வாசித்தபோது, வந்திருந்தவர்களில் பாதிப் பேர் வேறு யாரையோ சொல்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார்கள்.

தொழிற்பள்ளியில் கடைசல் வகுப்பில் அவர் ஒருத்திதான் பெண். சேர்ந்த புதிதில் வகுப்பில் யாரோ, "பொண்ணு லேத் பிடிக்க வந்திருக்குன்னா மரை கழண்ட கேஸாத்தான் இருக்கும்" என்று சொல்லப்போக, "கழண்டதைப் பூட்டத்தான் கத்துக்க வந்திருக்கேன், முதல்ல உன் தலையைக் கொண்டா" என்றாராம். சைக்கிள் பாகம் செய்யும் தொழிற்சாலையில் சிறிது காலம், நகரக் குடிநீர்க் குழாய்ப் பட்டறையில் நெடுங்காலம் என்று வேலை பார்த்தார். பஸ் ஓட்டும் ஒருவரைக் கட்டிக்கொண்டார். அவர் அதிகம் பேசாதவர். மரையக்கா இருவருக்கும் சேர்த்துப் பேசினார்.

அரசாங்கம் புவிவெப்ப ஆய்வு மையம் என்று ஒன்றைத் தொடங்கி, அதற்கென்று ஒரு பட்டறை போட்டபோது, மரை வெட்டத் தெரிந்தவர்களைத் தேடினார்கள். மரையக்கா போய்ச் சேர்ந்தார்.

புவிவெப்பம் என்பது சொல்லச் சுலபமான காரியம். பூமியின் ஆழத்தில் பாறை தகதகவென்று சூடாக இருக்கிறது. அதுவரை துளை போட்டுத் தண்ணீரை இறக்கினால் நீராவியாக ஏறி வரும். அந்த நீராவி மின்சாரம் தரும் சக்கரத்தைச் சுற்றும். அடுப்பு ஏற்கனவே எரிந்துகொண்டிருக்கிறது, விறகு வாங்க வேண்டியதில்லை. ஆனால் அந்த அடுப்பங்கரைக்குப் போய்ச் சேர்வதற்குள் தாவு தீர்ந்துவிடும். ஆழத்தின் சூட்டில் சாதாரணக் குழாய் நெளிந்துபோகும். அதைத் தாங்கும் எஃகு வேறொரு நாட்டில் இருந்தது. சூடான பாறை இங்கே இருந்தது. இரண்டு நாடுகளும் ஒப்பந்தம் போட்டு, ஆளுக்குப் பாதி செலவு, ஆளுக்குப் பாதி வேலை என்று ஒரே ஒரு கிணற்றைத் தோண்டத் தொடங்கின. கிணற்றின் மேல்பாதிக்கு உள்நாட்டுக் குழாய். கீழ்ப்பாதிக்கு அவர்களுடைய குழாய்.

வீண் செலவு என்று பத்திரிகைகள் திட்டித் தீர்த்தன. வீட்டிலும் ஒரு பத்திரிகை இருந்தது. மரையக்காவின் நாத்தனார் வரி அலுவலகத்தில் வேலை பார்த்தார். கல்யாணம் வேண்டாம் என்று அண்ணன் வீட்டிலேயே தங்கிவிட்டவர், வாய் கத்தரிக்கோல்.

"அண்ணி, நான் நாள் பூரா உக்காந்து வரி வசூல் பண்றேன். நீங்க நாள் பூரா நின்னு அதைக் குழிக்குள்ள போடுறீங்க. இந்த வீட்டுல வரவும் செலவும் சரியாப் போச்சு."

"போட்டது ஆவியா வரும், பொறு."

"ஆவியாப் போகும்னு சொல்லுங்க."

"ஏங்க, உங்க தங்கச்சி பேசுறதைக் கேட்டீங்களா?"

பஸ் ஓட்டுபவர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "ரெண்டு பக்கமும் ஹார்ன் அடிக்கிற எடத்துல நான் நிறுத்திக்கிட்டு நிப்பேன்" என்பார். வீட்டில் அவர் பேசிய நீளமான வாக்கியங்களில் அதுவும் ஒன்று.

பட்டறை ஒரு தகரக் கொட்டகை. காலையில் உள்ளே இருக்கலாம். உச்சி வெயிலில் கூரை அனல் கக்கும். லேத்தின் கைப்பிடியைத் துணி சுற்றித்தான் பிடிக்க வேண்டும். அங்கே இரண்டு வழக்கங்கள் இருந்தன. எந்த மரையையும் காலைக் குளிர்ச்சியில் ஒருமுறை அளப்பார்கள். மத்தியானச் சூட்டில் இன்னொருமுறை அளப்பார்கள். இரண்டு அளவும் ஒத்துவந்தால்தான் அது வெளியே போகும். இது கொட்டகையின் கொடுமை கற்றுத்தந்த வழக்கம். இன்னொன்று மரையக்கா கொண்டுவந்தது: வெட்டியவர் தன் மரையைத் தானே முடுக்கிச் சோதிக்கக் கூடாது. பக்கத்து மேடைக்காரர்தான் முடுக்க வேண்டும். "நான் வெட்டினதுல எங்க இடிக்கும்னு என் கைக்குத் தெரியும். அந்த எடத்துல தானாவே சாஞ்சு கொடுத்து ஏத்திடும். கிணத்துல என் கையா போய் முடுக்கப்போகுது?" என்பார். ஃபிட்டருக்கு இது பிடித்த வழக்கம். அக்கா வெட்டியதை முடுக்கும் சாக்கில் எதையாவது குறை சொல்ல வழி கிடைத்தது.

இனி அந்தக் கூத்தைச் சொல்ல வேண்டும்.

இரு நாட்டுக் குழாய்களின் மரையும் வேறு வேறு. பல்லின் சாய்வும் இடைவெளியும் ஒத்துவராது. மேல்பாதியும் கீழ்ப்பாதியும் சந்திக்கும் இடத்தில் என்ன செய்வது என்று பேச ஒரு கூட்டம் நடந்தது. இரண்டு பக்கமும் மரியாதைக்குப் பெயர்போனவர்கள். வாசலில் நின்று "நீங்க முதல்ல", "இல்ல, நீங்க முதல்ல" என்று வழிவிடுகிறவர்கள். இவர்கள், "உங்கள் மரைக்கு நாங்கள் ஒத்துப்போகிறோம்" என்றார்கள். அவர்களும், "இல்லை, உங்களுக்கு நாங்கள் ஒத்துப்போகிறோம்" என்றார்கள். சிரித்துக் கைகுலுக்கித் தேநீர் குடித்துக் கலைந்தார்கள். யார் யாருக்கு ஒத்துப்போவது என்பதை மட்டும் யாரும் முடித்து வைக்கவில்லை.

மரையக்காவிடம் வேலை வந்தது. சூடு தாங்கும் எஃகில் ஒரு இணைப்புத் துண்டு: மேல்முனையில் நம் மரை, கீழ்முனையில் அவர்கள் மரை. அந்த எஃகு சாதாரணப்பட்டது இல்லை; வெட்டுளியைத் தின்னும். ஆறு மாதம் போல அதோடு மல்லுக்கட்டினார். மத்தியானத்தில் அளந்தபோது ஒரு சங்கதி தெரியவந்தது. இந்த எஃகும், அதோடு பூட்ட வேண்டிய சாதாரணக் குழாயின் எஃகும் சூட்டில் ஒரே அளவில் விரிவதில்லை. காலையில் வழுக்கிக்கொண்டு ஏறியது மத்தியானம் பிடித்துக்கொண்டது. மரையக்கா மையத்தின் தலைமைப் பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டினார். பொறியாளரும் பெண்தான், கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு ஊரெல்லாம் தேடுகிறவர். அவர் உட்கார்ந்து கணக்குப் போட்டு, ஆழத்தின் சூட்டுக்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்று சொன்னார். மயிரிழை அளவுதான். அதை மரையக்கா வெட்டினார். ஒரு துண்டு கெட்டது, இன்னொன்று கெட்டது, அடுத்தது நின்றது.

அயல்நாட்டிலிருந்து குழாய்கள் வந்து இறங்கின. அவற்றோடு அவர்கள் பட்டறையின் கடைசல்காரரும் வந்தார். கதவு நிலையில் குனிந்துதான் நுழைவார். அன்றைக்கே அவருக்கு நெட்டை என்று பெயர் விழுந்துவிட்டது. அவரோடு ஒரு மொழிபெயர்ப்பாளர். அந்த மனிதருக்கு நிரந்தர ஜலதோஷம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் ஒரு தும்மல் போடுவார்.

கிணற்றடியில் இரண்டு தாங்கிகள் போட்டு, ஒன்றில் மரையக்காவின் இணைப்பையும் மற்றொன்றில் நெட்டை பெட்டியிலிருந்து எடுத்த பொருளையும் வைத்தார்கள். இரு நாட்டு அதிகாரிகளும் சுற்றி நின்றார்கள். படம் எடுக்க ஒருவர் தயாராக இருந்தார். நெட்டையுடையது அவர்கள் குழாயின் முனை என்று நினைத்து, ஃபிட்டர் ஒன்றைத் தூக்கி மற்றொன்றின் முனையில் பொருத்தித் திருகினார். ஏறவில்லை. எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி திருகினார். பல்லில் கல் அகப்பட்டதுபோல் கரகரத்தது.

ஃபிட்டரின் முகம் சுண்டிப்போனது. "அக்கா, இது சேராது."

"என்ன சேராது? அவங்க மரைதானே நான் வெட்டியிருக்கேன்?"

நெட்டை ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்பாளர் தும்மிவிட்டு, "உங்க மரையைத்தான் தானும் வெட்டியிருக்கேன்னு சொல்றாரு" என்றார்.

ஆளுக்கொரு அதிகாரி அடுத்த அதிகாரியைப் பார்த்தார். அப்போது தலைமைப் பொறியாளர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்த முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வையுங்க" என்றார்.

வைத்தார்கள். நெட்டையின் துண்டிலும் மேல்முனையில் நம் மரை, கீழ்முனையில் அவர்கள் மரை. இரண்டும் ஒரே பொருள். அசப்பில் இரட்டைப் பிள்ளைகள்.

"ஒண்ணுக்கு ஒண்ணு எப்படிச் சேரும்? ரெண்டுமே நடுவுல நிக்க வேண்டியது. ஒண்ணு போதும். இன்னொண்ணை ஓரமா வைங்க, கிணறு முடிஞ்சுது" என்றார் பொறியாளர்.

எல்லோருக்கும் போன உயிர் திரும்பி வந்தது. அசடு வழியச் சிரித்துக்கொண்டார்கள். மரையக்காவும் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவருக்குள் ஒன்று உறைத்தது. ஒன்று போதும் என்றால், எது?

நெட்டையும் சிரிப்பை நிறுத்தியிருந்தார்.

பொறியாளர் அன்று மாலை பட்டறைக்கு வந்து எதையும் மறைக்காமல் சொன்னார். "கிணத்துல எது இறங்குதோ அதுதான் மாதிரி. ரெண்டு நாட்டுலயும் அடுத்து வர்ற கிணறு எல்லாத்துக்கும் அந்தப் பட்டறைக்குத்தான் வேலை. நம்மளோடது இறங்கலைன்னா இந்தக் கொட்டகையை எதுக்கு வச்சிருக்கீங்கன்னு அமைச்சகம் ஏற்கனவே கேட்டாச்சு. குழாய் அடுக்குற கிடங்கா ஆக்கிடுவாங்க. உங்களையெல்லாம் ஆளுக்கொரு ஆபீஸுக்கு அனுப்பிடுவாங்க. நான் முட்டிப் பாப்பேன். ஆனா பொய் சொல்லித் தேத்த மாட்டேன்."

"அவங்க பட்டறைக்கும் இதே கதைதானா மேடம்?"

"அவங்களுக்கும் இதே கதைதான்."

ஃபிட்டர் சொன்னார்: "என்னை ஆபீஸுக்கு அனுப்பினா நான் நாற்காலியோட மரையைக் கழட்டிக்கிட்டு உக்காந்திருப்பேன்."

ஒருவரும் சிரிக்கவில்லை.

இரு நாட்டு ஆய்வுக் குழுவும் சோதனை வைத்து முடிவு செய்வது என்று தீர்மானித்தது. கிணற்றடியில் ஒரு மின்உலை இருந்தது. இணைப்பின் இரு முனையிலும் அந்தந்தக் குழாயைப் பூட்டி, உள்ளே தண்ணீரை அழுத்தத்தில் ஏற்றிச் சூடாக்குவார்கள். பிறகு ஆறவிடுவார்கள். மறுபடி சூடாக்குவார்கள். கிணறு தன் வாழ்நாளில் அப்படித்தான் சூடாகி, ஆறி, சூடாகும். அழுத்தம் காட்டும் முள் இறங்கினால் மரை கசிகிறது என்று அர்த்தம்.

குழு கூடியிருந்தபோது மரையக்கா கையைத் தூக்கினார். "ஒண்ணு கேக்கணும். அவர் செஞ்சதை நான் முடுக்குறேன். நான் செஞ்சதை அவர் முடுக்கட்டும். எங்க பட்டறையில அப்படித்தான். கிணத்துல முடுக்கப்போறது எங்க ரெண்டு பேர் கையும் இல்லையே."

மொழிபெயர்ப்பாளர் சொன்னதைக் கேட்ட நெட்டை தலையை ஆட்டினார்.

அதற்கு முன் மரையக்கா நெட்டையின் வேலையைக் கையில் எடுத்துப் பார்த்தார். நகத்தால் பல்லின் மேல் இழுத்தார். பட்டுபோல் இருந்தது. எஃகைப் பதப்படுத்திய விதம் தம்முடையதைவிட ஒரு படி மேல் என்று அவருக்குத் தெரிந்தது. ஆனாலும் சொந்தப் பிள்ளையைக் குளிப்பாட்டுவதுபோல் துடைத்து, பசை தடவி, நேர்பார்த்து, அளவுமானி காட்டிய இடத்தில் நிறுத்தி முடுக்கினார். அந்தப் பக்கம் நெட்டையும் அப்படியே செய்தார்.

முதல் சூட்டில் இரண்டும் அசையவில்லை. ஆறவிட்டார்கள். இரண்டாம் சூட்டில் மரையக்காவின் இணைப்பு கல்போல் நின்றது. நெட்டையின் இணைப்பில் முள் முதலில் நடுங்கியது, பிறகு மெல்ல மெல்ல இறங்கியது. உலையின் உள்ளிருந்து சீறல் கேட்டது.

பட்டறை ஆட்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். மரையக்கா ஜெயித்துவிட்டார். ஃபிட்டர் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திக் கண்ணடித்தார்.

"அக்கா, கை பேசிடுச்சு போல. மாத்தி முடுக்கலாம்னு நீ கேட்டப்பவே நினைச்சேன். மூளைக்காரி."

மரையக்காவுக்கு முதலில் புரியவில்லை. நெட்டையின் துண்டைத் தான் வேண்டுமென்றே தப்பாக முடுக்கியதாக நினைக்கிறார் என்று புரிந்தபோது ரத்தம் தலைக்கு ஏறியது. "அண்ணே, நீங்களுமா?"

"நான் தப்பாச் சொல்லலையே. கொட்டகை பிழைச்சுதுல்ல?"

சுற்றிப் பார்த்தார். அயல்நாட்டுக் குழுவினர் தமக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சின் நடுவே ஒவ்வொருவராக அவருடைய கையைப் பார்த்தார்கள். நெட்டை யாரையும் பார்க்கவில்லை. உலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அது கோபத்தைவிடக் கனமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னார். சாப்பாடு இறங்கவில்லை. எப்போதும் குத்திப் பேசுகிற நாத்தனார் அன்று நேராகக் கேட்டார்.

"செஞ்சீங்களா அண்ணி?"

"இல்லடி."

"சத்தியமா?"

"என் வேலை மேல சத்தியமா."

"அப்ப மறுபடியும் வைக்கச் சொல்லுங்க. இந்த தடவை அந்த ஆளே முடுக்கட்டும். நான் வரி ஆபீஸ்ல எத்தனை மூஞ்சியைப் பாத்திருப்பேன். தப்புப் பண்ணினவன் ஃபைலை மூடச் சொல்லுவான். பண்ணாதவன்தான் திரும்ப ஒரு தரம் பாருங்கம்பான்."

"அவர் முடுக்கி அது நின்னுடுச்சுன்னா?"

"நின்னுடுச்சுன்னா நீங்க திருடின்னு ஊரே சொல்லும்."

"கொட்டகையும் போயிடும். ஃபிட்டர் அண்ணன், அங்க இருக்குற எல்லாரும்…"

"ஆமா. போயிடும்" என்றார் நாத்தனார். "அதான் சாப்பாடு இறங்கலை."

பஸ் ஓட்டுபவர் தட்டை மனைவி பக்கம் நகர்த்தினார். "சாப்பிட்டுட்டுப் போய்க் கேளு. வெறும் வயித்தோட சண்டைக்குப் போகக் கூடாது."

மறுநாள் தலைமைப் பொறியாளரின் அறையில் மரையக்கா நின்றுகொண்டே பேசினார். பொறியாளர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"குழு ஏத்துக்கிச்சு. நம்ம பக்கம் முடிவு எழுதப்போறாங்க. இப்ப போய் நீங்களே கிளறுறீங்க. யோசிச்சுட்டீங்களா?"

"யோசிச்சுட்டேன் மேடம். நான் வெட்டின மரை பூமிக்குள்ள போனா அங்கேயே இருக்கும். எனக்கப்புறமும் இருக்கும். அது மேல ஒரு சந்தேகம் உக்காந்திருக்கக் கூடாது."

பொறியாளர் எழுந்து, தேடாமலே கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, "வாங்க, போய்க் கேப்போம்" என்றார்.

சோதனை மறுபடி நடந்தது. நெட்டையின் பெட்டியில் அதே அளவில் வெட்டிய மாற்றுத் துண்டு ஒன்று இருந்தது. அதைத் தன் கையாலேயே துடைத்து, தன் பசையைத் தடவி, தன் கையாலேயே முடுக்கினார். மரையக்கா பத்தடி தள்ளி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். எல்லோரும் பார்க்கட்டும் என்று அப்படி நின்றார். ஃபிட்டர் வெறித்த கண்ணோடு அவர் பக்கத்தில் நின்றார். அக்கா ஏன் இப்படித் தலையைக் கொண்டுபோய் உலைக்குள் விடுகிறாள் என்று அவருக்கு விளங்கவில்லை.

முதல் சூடு. முள் நின்றது. ஆறவிட்டார்கள். அந்த நேரம் முழுவதும் ஒருவரும் உட்காரவில்லை.

இரண்டாம் சூடு. முள் நின்றது. சூடு ஏறியது. முள் நின்றது. அயல்நாட்டுக் குழுவில் ஒருவர் மெல்லப் புன்னகைப்பதை மரையக்கா கண்டார். கொட்டகை கண்முன் வந்தது: குழாய் அடுக்கிய கிடங்காக, லேத் இருந்த இடத்தில் வெறும் சிமென்ட் தளமாக. ஃபிட்டர் ஏதோ ஒரு அலுவலகத்தில், தனக்குச் சம்பந்தமில்லாத மேசையில்.

முள் நடுங்கியது.

அவ்வளவு சின்ன நடுக்கம். அவரும் நெட்டையும் மட்டும்தான் முதலில் பார்த்தார்கள். இருவருடைய உடம்பும் ஒரே சமயத்தில் முன்னால் சாய்ந்தது. பிறகு முள் இறங்கியது. முந்திய நாள் கேட்ட அதே சீறல், அதே இடத்திலிருந்து.

நெட்டை கையுறைகளைக் கழற்றினார். மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, குழுவின் முன்னால் உரக்கப் பேசினார். மொழிபெயர்ப்பாளர் அன்று தும்மவேயில்லை.

"முடுக்குனதுல தப்பு இல்லையாம். நேத்தும் இல்லையாம், இன்னைக்கும் இல்லையாம். வெட்டுன அளவுலதான் தப்பு, அது என்னுதுன்னு சொல்றாரு. நேத்து ராத்திரியே அந்தத் துண்டைக் கழட்டிப் பாத்தாராம். அந்தம்மா முடுக்குன மாதிரி தனக்கே முடுக்க வராதுன்னு அப்பவே தெரிஞ்சுதாம். ஆனா யாரும் கேக்காமத் தானாப் பேசக் கூடாதுன்னு வாயை மூடிக்கிட்டு இருந்தாராம். அந்தம்மாவே வந்து கேப்பாங்கன்னு எதிர்பாக்கலையாம்."

மரையக்கா கட்டியிருந்த கைகளைப் பிரித்தார். என்ன செய்வது என்று தெரியாமல், போய் நெட்டையின் கையுறைகளை வாங்கி மடித்து அவரிடமே கொடுத்தார். ஃபிட்டர் இரண்டு அடி பின்னால் நகர்ந்து, யாரும் பார்க்காத மாதிரி முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு அக்காவிடம் வந்தார்.

"என்னை ரெண்டு வார்த்தை திட்டிடு. மனசு ஆறும்."

"ரெண்டு போதாது அண்ணே. பாக்கியை நாளைக்கு வச்சுக்கலாம்."

மறுநாள் மத்தியானம் நெட்டை பட்டறைக்கு வந்தார். குனிந்து நுழைந்ததும் அனல் முகத்தில் அடித்தது. மரையக்கா இரண்டு எஃகுத் துண்டுகளைக் கொடுத்துப் பூட்டிப் பார்க்கச் சொன்னார். பிடித்துக்கொண்டது. அதையே வாளித் தண்ணீரில் போட்டு எடுத்துக் கொடுத்தார். வழுக்கிக்கொண்டு ஏறியது. விரிய இடம் விடாத பல் சூட்டில் நெருக்குண்டு நசுங்கும், ஆறியதும் தளர்ந்து அடுத்த சூட்டில் கசியும். நெட்டை தகரக் கூரையை அண்ணாந்து பார்த்தார். அவருடைய பட்டறையில் வருடம் முழுவதும் ஒரே சூடு, ஒரே குளிர், ஜன்னல்கூடத் திறக்கக் கூடாது என்று சொன்னார். சுத்தமான இடம், அங்கே இந்தக் கோளாறு கண்ணில் பட வழியேயில்லை.

"எங்களுக்கும் இந்தப் புத்தி ஜன்னல் வழியா வரலை, கூரை வழியா அனலாத்தான் வந்துச்சு" என்றார் ஃபிட்டர். மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடிக்குமுன் நெட்டை சிரித்துவிட்டார்.

ஆனால் மரையக்கா அத்தோடு விடவில்லை. குழு முடிவு எழுத உட்கார்ந்தபோது, "மரை நாங்க வெட்டுறோம். எஃகு அவங்க பதப்படுத்தினாத்தான் நல்லது. அவர் பதம் எங்களுக்கு வராது; நான் நகத்தால பாத்துட்டேன்" என்றார். நெட்டையும் அதையே வேறு வார்த்தையில் சொல்லியிருந்தார் என்று பிறகு தெரிந்தது. அப்படித்தான் எழுதினார்கள். அங்கே பதம், இங்கே மரை. இரண்டு பட்டறையும் பிழைத்தன.

இணைப்பு கிணற்றில் இறங்கிய நாளில் பெரிய கூட்டம் இல்லை. இரு நாட்டுத் துளையிடும் ஆட்களும் கலந்து நின்று அதைக் குழாயோடு பூட்டினார்கள். சேறு தெறித்த கைகள், ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாத கைகள். மேற்பார்வையாளர் மரையக்காவைப் பார்த்து, கடைசிச் சுற்றை நீங்கள் போடுகிறீர்களா என்று சைகை காட்டினார். மரையக்கா தலையசைத்து மறுத்துவிட்டு, வேலியோரம் நின்று பார்த்தார். ஒருநாள் முழுவதும் வெயிலில் பளபளத்த அந்த எஃகு, துளைக்குள் நுழைந்து மறைந்தது. அதற்குப் பிறகு அதை யாரும் பார்க்கவில்லை. பார்க்கவும் போவதில்லை.

மாதங்கள் போயின. மேல்பாதிக் குழாய்கள் இறங்கின, தண்ணீர் இறங்கியது, பாறை சூடேற்றியது. வால்வைத் திறக்கும் நாள் குறித்தார்கள். பணம் ஒதுக்கியவர்கள், எதிர்த்தவர்கள், எழுதியவர்கள், திட்டியவர்கள் எல்லோரும் வந்தார்கள். நாத்தனாரும் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு வந்தார். பஸ் ஓட்டுபவர் சீருடையோடு வந்து பின்வரிசையில் நின்றார்.

வால்வைத் திறந்தார்கள். முதலில் இருமல்போல் ஒன்று. குழாயின் வாயிலிருந்து சேற்றுத் தண்ணீர் துப்பியது. பிறகு தரை அதிர்ந்தது. வெள்ளையாக ஒரு தூண் எழும்பியது. எழும்பியது, நின்றது, இன்னும் எழும்பியது. அந்த இரைச்சல் காதில் விழவில்லை, மார்பில் விழுந்தது. ஆட்கள் காதைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார்கள். தொப்பிகள் பறந்தன. யாரோ அழுதார். யாரோ முன்பின் தெரியாத ஒருவரைக் கட்டிக்கொண்டார். எல்லோரும் தலையை அண்ணாந்து தூணைப் பார்த்தார்கள்.

மரையக்கா கீழே பார்த்துக்கொண்டிருந்தார். கிணற்று வாயைச் சுற்றி எங்காவது கசிகிறதா என்று. மண் காய்ந்து கிடந்தது. அழுத்த முள் போட்ட இடத்தில் நின்றது. தலைமைப் பொறியாளர் அந்தப் பக்கமிருந்து இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினார். கண்ணாடி தலையில் இருந்தது.

அப்போதுதான் மரையக்கா நிமிர்ந்தார். நெட்டை அவர் எதிரில் வந்து நின்று ஏதோ கத்தினார். மரையக்காவும் பதிலுக்கு ஏதோ கத்தினார். ஒரு சொல்கூட ஒருவருக்கும் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் புரிந்திருக்காது. மொழிபெயர்ப்பாளர் இருவருக்கும் நடுவில் ஓடிவந்து, வாயைத் திறந்து, மூடி, கையை விரித்துவிட்டுத் தானும் கத்த ஆரம்பித்தார். நாத்தனார் நீராவித் துளிகள் விழுந்த முகத்தைத் துடைக்காமல், கூட்டத்தைப் பிளந்துகொண்டு அண்ணியிடம் வந்து சேர்ந்து அவர் தோளைப் பிடித்தார். அவரும் கத்தினார். ஃபிட்டர் கத்தினார். பின்வரிசையிலிருந்து, வாழ்நாளில் குரலை உயர்த்தியிராத பஸ் ஓட்டுபவரின் வாயும் திறந்திருந்தது என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

அன்று அந்த இரைச்சலில் என்ன கத்தினீர்கள் என்று வீட்டில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறார்கள். அவர் சொன்னதேயில்லை. கேட்டால் முகமெல்லாம் சிவந்து சிரிப்பார். சிரித்துக்கொண்டே வேறு வேலை பார்க்கப் போய்விடுவார்.